பின் வரிசையில் எழுந்து நின்றவன்

“அவன் ஒண்ணும் ஓடிப்போவல முத்தம்மா. ஓடிப்போறவன் ஊட்டப் பூட்டி, சாவியக் கொணாந்து பக்கத்து ஊட்ல குடுத்துட்டா போவான்?”

“நானா இட்டுக்கட்டிச் சொல்றேன்? தெருவே சொல்லுது நாகம்மாக்கா. பொண்டாட்டி வாய் கோணிக்கினு கெடக்குறா, இவரு காலேஜுல நாற்காலி போடப் போய்ட்டாரு. இப்ப பெத்த பொண்ணே நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி கேட்டுடுச்சு. மூஞ்சி காட்ட முடியாம ஓடிட்டாரு. இல்லன்னு சொல்லு பாப்போம்.”

“நீ பாத்தியா? அன்னிக்கி அந்த ஊட்ல நீ இருந்தியா?”

“நான் எங்க இருந்தேன்? நீதான் இருந்த. நீயே சொல்லேன்.”

தண்ணீர் லாரி வந்து நிற்கிற முனையில் போன வாரம் நடந்த பேச்சு இது. முத்தம்மாள் எங்கள் தெருவில் நாலாவது வீடு. கெட்டவள் இல்லை, காதில் விழுந்ததை வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாதவள், அவ்வளவுதான். ‘நீயே சொல்லேன்’ என்று அவள் கேட்டபோது என் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அங்கே சொல்லாததை இப்போது சொல்கிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆவடியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வந்து போகிற பேத்தி சித்ரா எழுதுகிறாள். நான் சொல்வதைச் சொன்னபடியே எழுத வேண்டும், என்னைக் காப்பாற்றுகிறேன் என்று எதையும் விட்டுவிடக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

ஹேமநாதன் எனக்கு ஒன்றுவிட்ட அண்ணன் மகன். அத்தை அத்தை என்றுதான் கூப்பிடுவான். அயனம்பாக்கம் ஏரித் தண்ணீரில் நெல் போட்ட குடும்பம். வயலெல்லாம் மனையாகிப் போனபோது அவனுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. கொஞ்ச காலம் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் லேத்துப் பட்டறை, கொஞ்ச காலம் சும்மா. அப்புறம் பூந்தமல்லி போகிற சாலையில் அந்தப் பல்கலைக்கழகம் வந்தது. அவன் வேலைக்குச் சேர்ந்தபோது அங்கே இரண்டே கட்டடம். இப்போது உள்ளே போனால் வழி கேட்டுத்தான் வெளியே வர வேண்டும். எங்கள் தெருவுக்கு மட்டும் அது இன்றைக்கும் ‘காலேஜு’தான்.

அவனுக்கு ஹால் வேலை. விழா, கூட்டம், கருத்தரங்கு என்று எது நடந்தாலும் அதற்கு முன்னால் அவன் போயிருக்க வேண்டும். எல்லோரும் போன பின்னால்தான் அவன் வர வேண்டும். நாற்காலி போடுவது, மைக்கு பார்ப்பது, மேசைக்குத் துணி விரிப்பது, பன்னீர் சொம்பு, சந்தனக் கிண்ணம். குத்துவிளக்கு அவனுடைய தனிப் பொறுப்பு. வருகிற விருந்தினர் கையில் மெழுகுவத்தியைக் கொடுப்பார்கள். மேலே மின்விசிறி சுற்றும். திரி பிடிக்கவில்லை என்றால் எல்லோரும் ஹால்காரனைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் ஐந்து திரி நுனியிலும் கற்பூரத்தைப் பொடித்து ஒற்றி வைப்பான். தொட்டதும் பிடித்துக்கொள்ளும். இதை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது அவன் பெண்டாட்டி பஞ்சவர்ணம்.

வெள்ளிக்கிழமைதோறும் சாயங்காலம் அவன் சட்டைப் பையில் ஒரு தாள் மடித்து இருக்கும். அடுத்த வாரம் என்னென்ன விழா என்று ஆபீஸில் கொடுக்கிற தாள். எல்லாம் இங்கிலீஷ். எந்த ஹால், என்ன தேதி, எத்தனை நாற்காலி என்பது மட்டும் அவனுக்குப் புரியும். மற்றதை ஆபீஸ் பிள்ளைகளிடம் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு வருவான். எதற்கு? பஞ்சவர்ணத்துக்குச் சொல்ல. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர். நானும் படியில் உட்கார்ந்து கேட்பேன்.

“இன்னா, அடுத்த வாரம் உங்க காலேஜுல இன்னா விசேசம்?” என்று ஆரம்பிப்பாள்.

“திங்கக்கெயம ரத்த தான முகாம், பெஞ்சு இருவது. செவ்வா அன்னிக்கி மெக்கானிக்கல் பசங்க ரோபோ வெச்சு சண்ட உடுறாங்க, கிரவுண்டுல ஷாமியானா. புதன் ஒண்ணும் இல்ல. வியாயன் பேங்க்கு மேனேஜரு ஒருத்தரு, சின்ன ஹாலு, நூத்தம்பது நாற்காலி. வெள்ளிக்கெயம கடசி வருச பசங்களுக்கு பிரிவு விழா. அன்னிக்கி அயுவானுங்க, டிஷ்யூ பேப்பரு பொட்டி எடுத்து வெக்கணும்.”

“பேங்க்கு மேனேஜரு பேசறதக் கேக்க பசங்க வருமா?”

“எங்க வரும்? நாங்கதான் குந்துவோம்.”

இது வேறு ஒன்றுமில்லை. பெரிய மனிதரைப் பேசக் கூப்பிட்டுவிடுவார்கள். பிள்ளைகள் பரீட்சை என்றோ சினிமா என்றோ போய்விடும். காலி நாற்காலியைக் காட்டி விருந்தினரைப் பேசச் சொல்ல முடியுமா? ஹால் பொறுப்பாளர் செல்வகுமார் ஆள் அனுப்புவார். பஸ் ஓட்டுகிறவர்கள், தோட்ட வேலைப் பெண்கள், கேன்டீன் ஆட்கள், ஹால்காரர்கள் எல்லோரும் வந்து பின் வரிசைகளில் உட்கார வேண்டும். சீருடையோடு உட்கார்ந்தால் தெரிந்துவிடும் என்று சாமான் அறை பீரோவில் இருபது கலர் சட்டை தைத்து வைத்திருந்தார்கள். ஹேமநாதனுக்கு நீலக் கட்டம் போட்ட சட்டை. செல்வகுமார் பக்கவாட்டில் நின்று கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தால் எல்லோரும் கைதட்ட வேண்டும். பேசக் கூடாது, தூங்கக் கூடாது, கேள்வி கேட்கக் கூடாது.

மற்றவர்கள் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவார்கள். இவன் கேட்பான். பாதி புரியும், பாதி புரியாது. புரிந்ததைக் கொண்டுவந்து பஞ்சவர்ணத்திடம் கொட்டுவான். அவள் அதை மறுநாள் தெருவுக்குக் கொடுப்பாள். “நிலாவுல ஐஸு கீதாம் நாகம்மாத்தே, தெரியுமா உனுக்கு?” என்று மீன்காரியை நிறுத்தி வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டவள் அவள். மீன்காரி, “அப்ப என் கூடைக்குக் கொஞ்சம் வாங்கியாரச் சொல்லு உன் ஊட்டுக்காரர” என்றாள். மூன்று பேரும் சிரித்தோம்.

ஆனால் ஒவ்வொரு தடவையும் கடைசியில் பஞ்சவர்ணம் அவனை ஒன்று கேட்பாள்.

“நீ இன்னா கேட்ட அவர?”

“நாங்க ஒண்ணும் கேக்கக் கூடாது.”

“ஒரு நாளாச்சும் எய்ந்து நின்னு எதையாச்சும் கேளுய்யா. சும்மா கைதட்டிட்டு வர்றதுக்கு ஒரு ஆளா?”

“கேப்பேன், கேப்பேன். எனக்குன்னு ஒரு சந்தேகம் வரட்டும்.”

அந்தச் சந்தேகம் வந்தது. அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

போன வருஷம் ஆடி மூன்றாவது வெள்ளி. மறுநாள் சனிக்கிழமை பட்டமளிப்பு விழா. அங்கே வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற பெரிய விழா அதுதான். மூவாயிரம் நாற்காலி, யாருக்கும் லீவு கிடையாது. முதல் நாள் ஒத்திகை நடக்கும். பிள்ளைகள் ஊர்களிலிருந்து வந்து சேர்ந்திருக்காது, அதனால் ஹால்காரர்களே கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு மேடையில் ஏறி, கை நீட்டி வெறும் அட்டையை வாங்கிக்கொண்டு, அந்தப் பக்கமாக இறங்க வேண்டும். ஒரு ஆளுக்கு எத்தனை நொடி என்று கடிகாரம் வைத்துப் பார்ப்பார்கள்.

அன்று சாயங்காலம் பஞ்சவர்ணம் அம்மனுக்கு விரதம். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பூ கட்டிக்கொண்டே அவனைச் சீண்டினாள்.

“இதோட எத்தினி டிகிரி வாங்கிட்ட?”

“பதினோரு வருசம். பதினோரு டிகிரி.”

“அப்ப ஒரு கம்பெனில சேந்துகினு என்னை கார்ல வெச்சுக் கூட்டினு போ.”

சுவருக்கு இந்தப் பக்கம் நான் சிரித்தேன். அவள் நன்றாகப் பேசி நான் கேட்ட கடைசிப் பேச்சு அதுதான்.

சனிக்கிழமை விடிகாலை ஐந்தரை மணி. பிளாஸ்டிக் குடம் விழுகிற சத்தம். ஹேமநாதன் என் கதவைத் தட்டினான். வெள்ளைச் சட்டையும் விழா நாளுக்கான பேட்ஜும் போட்டுக்கொண்டு நின்றான்.

“அத்தே, சித்த வந்து பாரு. பஞ்சா ஒரு மாதிரி கீறா.”

போனேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். குடம் கைநழுவி, தரையெல்லாம் தண்ணீர். வாய் இடது பக்கமாக லேசாக இழுத்திருந்தது. “இன்னாடி பண்ணுது?” என்றேன். ஏதோ சொன்னாள், குழறலாக வந்தது. தூக்கக் கலக்கம் மாதிரி இருந்தது.

இந்தத் தெருவில் காய்ச்சலோ மயக்கமோ வயிற்று வலியோ, முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நாற்பது வருஷமாக அப்படித்தான். எத்தனையோ பேருக்கு என் கைமருந்தில் குணமாகியிருக்கிறது. அந்தத் திமிர் எனக்கு இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

“பித்தம்டா. நேத்து பூரா தண்ணி கூடக் குடிக்காம கெடந்தா இல்ல? சுக்குத் தண்ணி வெச்சுக் குடுத்து படுக்க வெச்சா பத்து மணிக்கு எய்ந்துடுவா.”

“வாய் இன்னாமோ கோணலா கீதே அத்தே.”

“வாய்வு புடிச்சிருக்கும்.”

அவன் போகவில்லை. வாசல் வரை போனான், திரும்பி வந்தான். “முனையில அசோக்கோட ஆட்டோ நிக்கிது. ஒரு நடை ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போய்க் காட்டிடவா?”

நான்தான் அவனைத் துரத்தினேன். எழுது சித்ரா, அப்படியே எழுது. “விழா நாளும் அதுவுமா நீ போவலன்னா வேல இன்னாத்துக்கு ஆவும்? ஹாலு சாவி உன்கிட்ட கீது. போ நைனா, நான் பாத்துக்கிறேன்” என்றேன். பஞ்சவர்ணத்தின் நெற்றியில் கையை வைத்துப் பார்த்துவிட்டு அவன் போனான். நான் சுக்குத் தண்ணீர் வைத்து வாயில் ஊற்றினேன். பாதி உள்ளே போயிற்று, பாதி வழிந்தது. படுத்தாள். குறட்டை விட்டுத் தூங்கினாள். நல்ல தூக்கம் என்று மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்தேன்.

பத்து மணிக்கு எழுந்திருக்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு உலுக்கினேன். கண் திறக்கவில்லை. ஹேமநாதனுக்குப் போன் போட்டால் போகவில்லை. பெரிய விருந்தினர் வருகிற நாளில் வேலைக்காரர்கள் போனையெல்லாம் அணைத்துக் கூடையில் போட்டு வாங்கி வைத்துவிடுவார்கள் என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும். அசோக்கை ஆட்டோவில் அனுப்பினேன். கேட்டில் விடவில்லை, விருந்தினர் வண்டி போகும்வரை உள்ளே யாரும் போகக் கூடாதாம். வெயிலில் இரண்டரை மணி நேரம் அங்கேயே நின்றிருக்கிறான்.

அசோக் ஆட்டோவிலேயே அவளை ஏற்றிக்கொண்டு நான் போயிருக்கலாம். ஆம்பளை இல்லாமல் போனால் யார் கையெழுத்துப் போடுவது, எந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும் என்று பயந்து உட்கார்ந்திருந்தேன். நூற்றெட்டுக்குப் போன் போட்டிருக்கலாமே ஆயா என்று சித்ரா இப்போது கேட்கிறாள். போட்டிருக்கலாம்தான்.

ஹேமநாதன் வந்து அவளைத் தூக்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது மணி நாலு. மூளையில் ரத்தம் உறைந்துவிட்டது என்றார்கள். திங்கட்கிழமை காலையில் உயிர் போயிற்று. காலையில் என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. விரதம் இருந்து அம்மனிடம் போய்விட்டாள், நல்ல சாவு என்று தெரு சொன்னது. நானும் அதை நம்பினேன். நம்புவது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

பதினாறு நாள் முடிந்து அவன் வேலைக்குப் போனான். வெள்ளிக்கிழமை அந்தத் தாள் வந்துகொண்டுதான் இருந்தது. யாரிடமும் படித்துச் சொல்லச் சொல்லிக் கேட்கிறதில்லை. நாற்காலி எத்தனை என்று மட்டும் பார்த்துக்கொண்டு டிவி மேலே வைத்துவிடுவான். ஒருநாள் நானே கேட்டேன், “அடுத்த வாரம் இன்னா நைனா விசேசம்?” என்று. “ஒண்ணும் இல்ல அத்தே” என்றான். தாளில் ஏழெட்டு வரி இருந்தது. எழுத்துத் தெரியாவிட்டால் என்ன, எண்ணத் தெரியாதா எனக்கு?

மாசி மாதம் அப்படி ஒரு தாளில் வந்த வரி: செவ்வாய்க்கிழமை, சின்ன ஹால், இருநூறு நாற்காலி, டாக்டர் பேச்சு. பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரம். செல்வகுமார் ஆள் அனுப்பினார். ஹேமநாதன் நீலக் கட்டம் போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு பின் வரிசையில் போய் உட்கார்ந்தான். பக்கத்தில் எங்கள் தெரு ராணி. அங்கே தோட்ட வேலை செய்கிறவள். மேற்கொண்டு நான் சொல்வதெல்லாம் அவள் கண்ணால் பார்த்தது.

பொதுமக்களுக்கான பேச்சு என்று டாக்டர் தமிழிலேயே பேசினார். திரையில் ஒரு பொம்பளை முகம் காட்டினார். வாய் ஒரு பக்கம் இழுத்திருக்கும், கை தூக்க வராது, பேச்சு குழறும். இந்த மூன்றில் ஒன்றைப் பார்த்தால்கூட ஒரு நிமிஷம் தாமதிக்கக் கூடாது என்றார். பித்தம், வாய்வு என்று சொல்வார்கள், கேட்காதீர்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள். படுத்தால் சரியாகும் என்று தூங்க விடாதீர்கள். நாலரை மணி நேரத்துக்குள் வந்தால் ஊசி போட்டு ரத்தக் கட்டியைக் கரைக்க வழி இருக்கிறது என்றார்.

பேச்சு முடிந்ததும், “யாருக்காவது சந்தேகம் இருந்தால் கேட்கலாம்” என்றார்கள். எப்போதும் யாரும் கேட்பதில்லை. கேட்காவிட்டால் நன்றி சொல்லி முடித்துவிடுவார்கள்.

ஹேமநாதன் எழுந்து நின்றான்.

ராணி சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறாள். “உக்காருண்ணா, செல்வகுமார் சாரு பாக்குறாரு.” அவன் உட்காரவில்லை. யாரோ மைக்கைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டார்கள். ஆயிரம் தடவை அந்த மைக்கைத் துடைத்து வைத்திருக்கிறான். அதில் பேசியது அன்றைக்குத்தான்.

“அய்யா, ஒரு பொம்பள. காலையில அஞ்சரை மணிக்குக் கையில இருந்து கொடம் வுயுந்துடுது. வாய் லேசா கோணிக்கிது. ஊட்டுக்காரன் பித்தம்னு நெனச்சிக்கினு, சுக்குத் தண்ணி குடுத்து, படுக்க வெச்சிட்டு வேலைக்குப் போய்ட்டான். நாலு மணிக்குத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொணாந்தான். காலையிலயே கொணாந்திருந்தா அது பொயச்சிருக்குமா அய்யா?”

டாக்டர் அவனை அங்கே வேலை பார்க்கிற வாத்தியார் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

“ரொம்ப நல்ல கேள்வி சார். இதுக்காகத்தான் நான் இங்க வந்தேன். நேர்ல பாக்காம உறுதியா சொல்ல முடியாது. ஆனா காலையிலயே வந்திருந்தா அந்தம்மா பிழைச்சிருக்க நல்ல வாய்ப்பு இருந்திருக்கும். நடந்தேகூட வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம். படுக்க வெச்சதுதான் சார் தப்பாயிடுச்சு.”

கேள்வி முடிந்தது, பதில் முடிந்தது. செல்வகுமாருக்கு என்ன தெரியும் பாவம்? ஆள் மாட்டிக்கொள்ளாமல் தப்பித்தோம் என்று வியர்த்துப்போய்க் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். பின் வரிசை மொத்தமும் கைதட்டியது. ராணியும் தட்டியிருக்கிறாள். தட்டிக்கொண்டே இருக்கும்போதுதான் அவளுக்கு உறைத்திருக்கிறது, எந்தப் பொம்பளையைப் பற்றிக் கேட்டான் என்று. அத்தனை பேர் கைதட்டுக்கு நடுவில் அவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தானாம்.

அப்புறம் இருநூறு நாற்காலியையும் எடுத்து அடுக்கினான். சட்டையை மடித்து பீரோவில் வைத்தான். வீட்டுக்கு வந்தான். நான் படியில் உட்கார்ந்திருந்தேன்.

“இன்னிக்கி இன்னா கூட்டம் நைனா?”

“டாக்டரு ஒருத்தரு அத்தே. சக்கர வியாதி பத்திப் பேசுனாரு. நீயும் காப்பில சக்கரைய கொறச்சிக்கோ.”

சொல்லிவிட்டு உள்ளே போனான்.

இரண்டு நாள் கழித்து ராணி வந்து என்னிடம் நடந்ததைச் சொல்லி அழுதாள். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. மனசு தாங்காமல் சொன்னாள். மனசு தாங்காமல் முத்தம்மாளிடமும் சொல்லியிருக்கிறாள். அதோடு தெருவுக்கு வந்துவிட்டது. அவன் குனிந்துகொண்டு போனால், ‘பொண்டாட்டியப் படுக்க வெச்சிட்டு விழாவுக்குப் போனவன்’ என்றார்கள். நிமிர்ந்து போனால், ‘எப்பிடிப் போறான் பாரு’ என்றார்கள்.

எனக்கு மட்டும்தான் வேறொன்று தெரியும். அவ்வளவு பேர் முன்னால், கையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறபோதுகூட, ‘பக்கத்து ஊட்டு அத்தை பித்தம்னு சொன்னா’ என்று அவன் சொல்லவில்லை. ‘ஊட்டுக்காரன் பித்தம்னு நெனச்சான்’ என்றுதான் சொன்னான். நான் சொன்ன சொல்லை, நான் ஊற்றிய சுக்குத் தண்ணீரை, எல்லாவற்றையும் தன் பேரில் எழுதிக்கொண்டான்.

அன்றைக்கே அவன் வீட்டுக்குப் போனேன். அரிசி களைந்துகொண்டிருந்தான்.

“ஏன்டா என் பேர சொல்லல? பித்தம்னு சொன்னது நானு. போன்னு தொரத்துனது நானு.”

“நீ சொன்ன. கேட்டுகினு போனது நான்தான அத்தே?”

“நான் எல்லாரு கிட்டயும் சொல்லிடுறேன்.”

“சொன்னா? பஞ்சா எய்ந்து வரப்போறாளா?” கையை உதறிவிட்டு என்னைப் பார்த்தான். “நீ ஒண்டியா கீற. நாளைக்கு உனுக்கு ஒண்ணுன்னா இந்தத் தெருதான் ஒரு வாய் கஞ்சி ஊத்தணும். நான் காலையில போனா சாயங்காலம் வரேன். எவன் இன்னா பேசுனாலும் என் காதுல வுயப்போறதில்ல. நீ சும்மா இரு.”

நான் சும்மா இருந்தேன். எனக்குப் பிடிவாதம் ஜாஸ்தி என்று ஊரே சொல்லும். ரேஷன் கடைக்காரனோடு, தண்ணீர் லாரிக்காரனோடு, கவுன்சிலரோடு எல்லாம் நின்று சண்டை போட்டிருக்கிறேன். ஆனால் இந்த ஒரு இடத்தில் அவன் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டேன். எனக்கு எழுபத்திரண்டு வயது. பயம்தான், வேறு ஒன்றுமில்லை.

வேலையை யாரும் பறிக்கவில்லை. செல்வகுமார் நல்ல மனிதர்தான். தனியாகக் கூப்பிட்டு, “அண்ணே, இனிமே நீங்க உள்ள உக்கார வேணாம், வெளிய நில்லுங்க” என்று மட்டும் சொன்னாராம். அதனால் கூட்டம் நடக்கும்போதெல்லாம் ஹால் கதவுக்கு வெளியே செருப்புகளைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

இந்த ஆடியும் வந்தது. அந்த வெள்ளிக்கிழமைத் தாளை அவன் டிவி மேலே வைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான். நான் கேட்காமலேயே சொன்னான்.

“திங்கக்கெயம ஆபீஸ் மீட்டிங்கு. புதன் ஒத்திகை. வியாயன் பட்டமளிப்பு விழா.”

“நடுவுல செவ்வாக்கெயம?”

“அது காலேஜு விசேசம் இல்ல அத்தே. பஞ்சாவுக்குத் தெவசம்.”

செவ்வாய்க்கிழமை படையலுக்கு மகள் ரேகா ஐயப்பன்தாங்கலிலிருந்து வந்தாள். அவன் விளக்கு ஏற்றினான். திரி நுனியில் கற்பூரம் ஒற்றியிருந்தான், தொட்டதும் பிடித்துக்கொண்டது. ரேகா அன்று முழுக்க அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. யாரோ அவளுக்கும் போனில் சொல்லியிருக்கிறார்கள். ராத்திரி தங்கினாள். புதன்கிழமை காலை கிளம்புகிற நேரத்தில் வாசலில் வைத்துக் கேட்டாள். தண்ணீர் பிடிக்கிற நேரம். தெருவில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள்.

“அப்பா, ஒண்ணே ஒண்ணு சொல்லு. அன்னிக்கி அம்மாவுக்கு வாய் கோணியிருந்துச்சா இல்லியா?”

“கோணியிருந்துச்சும்மா.”

“அதப் பாத்துட்டுத்தான் போனியா?”

“பாத்துட்டுத்தான் போனேன்.”

“எப்பிடிப்பா போன?”

அவள் அழாமல் கேட்டாள், அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. என் வீட்டுப் படியிலிருந்து இறங்கினேன். “ரேகா, இங்க பாரு கண்ணு, அன்னிக்கி...” என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்தேன் என்பது நிஜம்.

“அத்தே,” என்றான் அவன். “அடுப்புல பால வெச்சிட்டு வந்துட்டேன். பொங்கிடப்போவுது. போய் எறக்கு.”

சொன்னபடி அவன் வீட்டுக்குள் போனேன். அடுப்பில் பால் இல்லை. அடுப்பு எரியவே இல்லை. கழுவித் துடைத்து, பாத்திரமெல்லாம் கவிழ்த்து வைத்திருந்தது. தண்ணீர்த் தொட்டி விளிம்பு வரை நிரம்பியிருந்தது. மூலையில் ஒரு துணிப் பை கட்டித் தயாராக இருந்தது. வெளியே வந்தபோது ரேகா ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள்.

அவன் உள்ளே வந்து பையை எடுத்துக்கொண்டான்.

“எங்கடா?”

“எங்கனா.”

“இன்னிக்கி ஒத்திகை இல்ல? உன்னத் தேடமாட்டாங்க?”

“ஹாலு சாவிய நேத்தே குடுத்துட்டேன். மேடையில வேற யாராச்சும் நடப்பாங்க.” கதவைச் சாத்திப் பூட்டை இழுத்துப் பார்த்தான். “நாளைக்கு மூவாயிரம் நாற்காலி போட என்னால முடியாது அத்தே. இந்தக் கையால முடியாது.”

“ரேகா கிட்ட நான் பேசுறேன். இப்பவே போன் போடுறேன். நீ போவாத நைனா.”

“அதுக்கு அம்மாவும் இல்ல. கோவப்பட்டுக்க ஒரு ஆள் வேணும் இல்ல அதுக்கு? நானே இருந்துட்டுப் போறேன்.” சாவியை என் கையில் வைத்து, என் விரல்களை மடக்கினான். “தொட்டியில தண்ணி கீது. லாரி வராத நாள்ல எடுத்துக்கோ. முத்தம்மாவுக்கும் ஒரு கொடம் குடு.”

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினான். எதிரே முத்தம்மாள் குடத்தோடு வந்தாள். அவளுக்கு வழி விட்டு ஓரமாக ஒதுங்கி நின்றான். அவள் போன பிறகு நடந்தான். பஸ் நிற்கிற பக்கம் திரும்பும் வரை வெள்ளைச் சட்டை தெரிந்தது.

தெருவில் அப்போது ஐந்து பேர் நின்றிருந்தார்கள். ஐந்து பேரும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள். ஒருத்தரிடமாவது சொல்லியிருக்கலாம். நான் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு நின்றேன்.